டீமக்ஸ் கீழ்வரிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு, இங்குள்ள செர்வர்களையும் சென்னையில் உள்ளவற்றையும் இரவுப் பணியில் பார்த்துக்கொள்கிறேன். எந்தச் செர்வரில் இருக்கிறேன், சென்னையில் மணி என்ன, இந்த இரண்டும் டீமக்ஸின் (ஒரே டெர்மினல் திரையில் பல வேலைகளை ஓடவிடும் மென்பொருள்) கீழ்வரியில் தெரிந்தால் போதும் என்றிருந்தேன். இப்போது தெரிகிறது. பாதி வேலை உங்களுடையது.

முதலில் பாயான் லெப்பாஸ் அண்ணன். செஷனுக்கு, அதாவது டீமக்ஸில் திறந்துவைக்கும் வேலைத்தொகுப்புக்கு, செர்வரின் பெயரை வைத்தால், கீழ்வரியின் பச்சைப் பட்டையில் பெயர் பாதியிலேயே வெட்டுப்பட்டது. இடப்பக்கத்துக்கு டீமக்ஸ் தருவது அடைப்புக்குறியோடு சேர்த்து 10 எழுத்துக்கான இடம்தானாம். அந்த இடத்தின் நீளத்தைக் குறிக்கும் ‘ஸ்டேட்டஸ்-லெஃப்ட்-லெங்த்’ அமைப்பை 30 ஆக்கச் சொன்னார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

சென்னை அக்காவுக்குப் பெரிய நன்றி. வலப்பக்கத்தில், நேரத்தைக் காட்டும் ‘டேட்’ கட்டளையைச் சென்னை நேர மண்டலத்தோடு எழுதியிருந்தும் பினாங்கு மணியே வந்தது. நடுவிலிருக்கும் இரண்டரை மணி நேரம் எங்கே போயிற்று என்று புரியவில்லை. அக்காதான் விளக்கினார்: வலப்பக்க வரியில் விழுக்காட்டுக் குறியோடு இருக்கும் மணி, நிமிட எழுத்துகளை டீமக்ஸே முதலில் உள்ளூர் நேரமாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ‘டேட்’ ஓடுகிறது. பாவம், அதன் கைக்கு வருவது ஏற்கெனவே நிரப்பப்பட்ட பினாங்கு மணி. அதையே திருப்பிச் சொல்கிறது. விழுக்காட்டுக் குறியை இரட்டித்துப் போட்டால் ஒன்று மிஞ்சி ‘டேட்’டுக்குப் போய்ச் சேரும். கையேட்டில் இதற்கான குறிப்பு இருக்கிறது, ஆனால் அதை வைத்து இவ்வளவையும் ஊகிக்க அக்காவைப் போன்ற ஆள் வேண்டும்.

பட்டர்வொர்த் தம்பி என் பழைய டீமக்ஸ் அமைப்புக் கோப்பைப் புதுப்பித்துக் கொடுத்தார். டீமக்ஸ் சன்னல்களின் நிறத்துக்கென இருந்த ‘பிஜி’ (பின்னணி), ‘எஃப்ஜி’ (எழுத்து) வரிகளை 2019-இல் வந்த 2.9 பதிப்பு நீக்கிவிட்டது. எல்லாம் ‘ஸ்டைல்’ என்று மாறியது. டீமக்ஸுக்குக் கட்டளை தருமுன் அழுத்தும் கன்ட்ரோல்-பியை அழுத்தியதும் இடது மூலை சிவப்பாக மாறுவதும் அவர் சேர்த்ததுதான். பேட்டரி, வானிலை எல்லாம் போடலாம் என்றார். வேண்டாம் தம்பி, மழை பெய்தால் கூரையே சொல்லிவிடும்!

2007-இல் டீமக்ஸை வெளியிட்டு, இலவசமாகவே கொடுத்த நிக்கலஸ் மாரியட்டுக்கும் நன்றி.

அக்கா அடுத்த முறை பினாங்கு வரும்போது எல்லாருக்கும் நாசி கண்டார் (குழம்புகள் ஊற்றிய சோறு), என் செலவில். அண்ணன் கூடுதல் குவா (குழம்பு) கேட்டாலும் சரி.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் நண்பன்