தம்பிக்கு, பைக் விஷயமாக

அன்புள்ள தம்பி,

போன வாரம் வீட்டுக்கு வந்தபோது பைக் கேட்டாய். அம்மா முன்னால் பேச்சை வளர்க்க வேண்டாம் என்று அப்போது பதில் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். படிப்பு முடிகிறவரை வேண்டாம்ப்பா.

காசும் ஒரு காரணம்தான். சிங்கப்பூரில் பைக் வைத்துக்கொள்ள எடுக்கவேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கே பல ஆயிரம் வெள்ளி போய்விடும், அதுவும் 10 வருஷத்துக்குத்தான் செல்லும். அதைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். என் பயம் வேறு. நான் நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவன். பைக்கில் வரும் பிள்ளைகள் இடது பக்கக் கண்ணாடியில் தெரிவார்கள். சிக்னல் போட்டுவிட்டு மறுபடி பார்த்தால் ஆளைக் காணோம். பஸ்ஸை ஒட்டி, கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் வந்துகொண்டிருப்பார்கள். அந்த நொடியில் எனக்கு அடிவயிறு கலங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைப்பேன். நம் ஈசூன் வீட்டிலிருந்து விரைவுச்சாலையில் நீ போனால் ஜூரோங்குக்கும் துவாஸுக்கும் போகிற பெரிய லாரிகளுக்கு நடுவில்தான் போகவேண்டும். மழை பிடித்தால் இன்னும் மோசம்.

உன் நன்யாங் பல்கலைக்கழகம் தூரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பெல்லாம் ரயில் ஈசூனோடு நின்றுவிடும். ஜூரோங் பக்கம் ரயிலில் போகவேண்டுமென்றால் நகருக்குள் போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். 1996 பிப்ரவரியில் உட்லண்ட்ஸ் வழியாக சுவா சூ காங் வரை இணைத்த பிறகுதான் இந்த நேர் வழி கிடைத்தது. ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரே ஒரு மாற்றம், அப்புறம் பூன் லேயில் இறங்கினால் 179 அல்லது 199 பஸ். பயனியரில் இறங்கினால் உங்கள் வளாக பஸ்ஸே இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. வளாகத்துக்குள்ளேயே ரயில் நிலையங்கள் கட்டுகிறார்கள், 2029இல் திறப்பதாகத் திட்டம். உனக்கு அது பெரிதாக உதவாது, பின்னால் வரும் பிள்ளைகளுக்காவது நல்லது.

ராத்திரிதான் சிக்கல், அது எனக்கும் தெரியும். புராஜெக்ட் முடிய நேரமானால் பூன் லேயில் கடைசி ரயில் எப்போது என்று மட்டும் பார்க்காதே. ஜூரோங் ஈஸ்ட்டில் நம் பக்கம் வருகிற கடைசி ரயில் கிடைக்குமா என்று பார். பாதி வழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் மாட்டுகிறார்கள். கிடைக்காது போலிருந்தால் ஹாஸ்டலிலேயே தங்கிவிடு. இல்லையென்றால் டாக்சி பிடித்து வா, காசு நான் தருகிறேன். எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

பஸ், ரயில் இரண்டுக்கும் சேர்த்து மாணவர் மாதச் சலுகை பாஸ் எடுத்துக்கொள். அதற்கும் நானே கொடுக்கிறேன். மடக்கு சைக்கிள் வேண்டுமென்றால் வாங்கித் தருகிறேன், ரயிலில் ஏற்றலாம். ஆனால் உங்கள் வளாகம் ஒரே மேடாக இருக்கிறதே, மிதிக்க முடியுமா என்று நீயே பார்த்துச் சொல்.

இன்னொன்று. கிளம்புகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிவராதே. கதவை மூடிய பிறகு எங்கள் கண் சாலையில்தான் இருக்கும். அடுத்த பஸ் வரும்.

நீ வேலைக்குப் போன பிறகும் ஆசை இருந்தால் சொல். லைசென்ஸ் வகுப்புக்கு நானே பணம் கட்டுகிறேன். கோபம் இருந்தால் போன் பண்ணித் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே. இந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா