மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும், அதனுடன் மடித்து வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. இத்தனை ஆண்டுகள் மெத்தனால் எஞ்சினோடும் விளக்கெண்ணெய்ப் புகையோடும் பறக்கவிட்டுப் பழகிய நீங்கள், ரேடியோவில் இயக்கும் அடுத்த மாதிரிச் சாகச விமானத்தை மின்மோட்டாரில் கட்டப் போவதாக எழுதியிருந்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இறக்கை முனைக்கு முனை 1,400 மில்லிமீட்டர், மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கை வெட்டு, தாராளமான வால் என்று வரைபடம் நன்றாகவே இருக்கிறது. உங்கள் மகள் ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை, கணினியில் வரைந்து லேசரில் வெட்டித் தரப்போகிறாள் என்பது அதைவிட நல்ல செய்தி. ஆனால் கடைசியில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு, அதாவது ஆற்றல் மிஞ்சினால் தீங்கில்லை என்பதால் ஆறு செல் பேட்டரிக்கான பெரிய மோட்டாரையே போட்டுவிடலாமா என்பதற்கு, ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்பதுதான் என் பதில்; ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

வரைபடத்தை அளந்து பார்த்தேன். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 42 சதுர டெசிமீட்டர் வருகிறது. பேட்டரி உட்பட மொத்த எடை 1,900 கிராமில் நின்றால், சதுர டெசிமீட்டருக்கு 45 கிராம் என்ற சுமை கிடைக்கும். அந்தச் சுமையில் விமானம் மெல்லப் பறக்கும், சுழலும், மூக்கைத் தூக்கியபடி இறங்கும். பெரிய மோட்டார், இன்னும் இரண்டு செல், அதற்கேற்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, இவற்றைத் தாங்குவதற்கான கூடுதல் பிளைவுட் எல்லாம் சேர்த்து 400 கிராம் கூடினால் சுமை 55 கிராமை எட்டிவிடும். ஸ்டால் ஆகும் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விட்டுவிடும் வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், அது பத்து சதவீதம்தான் உயரும். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் தரையைத் தொடும்போது விமானம் சுமந்துவரும் இயக்க ஆற்றல் எடையின் வர்க்கத்தோடு உயர்கிறது. அது ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். லேண்டிங் கியர் பிடுங்கிக்கொண்டு போவது இதனால்தான். கனத்த விமானத்தைச் செங்குத்தாக மேலே இழுக்க மோட்டாரால் முடியும். காற்றில் மிதக்க வைக்க இறக்கையால்தான் முடியும். அந்த வேலையில் மோட்டார் துணைக்கு வராது.

ஆகவே எடையை 1,900 கிராம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதிலிருந்து மோட்டாருக்குப் போவோம். செங்குத்தாக ஏறவும், புரொப்பெல்லரைப் பிடித்துத் தொங்குவது போல் நிற்கவும் கிலோவுக்கு 350 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும் என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. இங்கே 700 வாட் போதும். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, சுமையின் கீழ் 14 வோல்ட் தருகிறது என்று வைத்தால், முழுத் திராட்டிலில், அதாவது மோட்டாரை முழு விசையில் ஓட்டும்போது, 50 ஆம்பியர் ஓடும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 70 ஆம்பியருக்கு இருக்கட்டும். மோட்டாரின் கேவி மதிப்பு, அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது நிமிடத்தில் சுற்றும் சுற்று, 800 என்று எடுத்துக்கொண்டால், சுமையின்றி 11,200 சுற்றும், புரொப்பெல்லரைக் கட்டியபின் அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறக்குறைய 9,000 சுற்றும் வரும்.

இந்த 9,000 சுற்றுக்கு 13 அங்குல விட்டமும் 6.5 அங்குலப் புரியும் கொண்ட புரொப்பெல்லர் பொருந்தும். ஒரு சுற்றுக்கு 6.5 அங்குலம் முன்னேறும் என்ற கணக்கில் காற்று மணிக்கு 89 கிலோமீட்டர் வேகத்தில் பின்னுக்குத் தள்ளப்படும். நின்ற நிலையில் இழுவிசை விமான எடையின் ஒன்றரை மடங்கை ஒட்டி இருக்கும். புரொப்பெல்லரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஞ்சினிலிருந்து மோட்டாருக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எஞ்சினுக்குப் பெரிய புரொப்பெல்லரை மாட்டினால் அது மெதுவாகச் சுற்றும், அவ்வளவே. மின்மோட்டார் தன் சுற்றைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பேட்டரியிடமிருந்து கேட்டு வாங்கும். புரொப்பெல்லர் விழுங்கும் ஆற்றல் விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்கிறது. 13 அங்குலத்தை எடுத்துவிட்டு 14 அங்குலம் மாட்டினால், அதே சுற்றில் 35 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். 50 ஆம்பியர் 67-ஐ நெருங்கும். கண்ணுக்கு ஒரு அங்குலம்தான், கட்டுப்பாட்டுக் கருவிக்கோ அது எல்லை. புரியை ஒரு அங்குலம் கூட்டினால் ஆற்றல் 15 சதவீத அளவில்தான் கூடும், ஆனால் அது வேகத்துக்குப் போகுமே தவிர இழுவிசைக்கு அதிகம் உதவாது. சாகச விமானத்துக்கு விட்டம் பெரிதாகவும் புரி சிறிதாகவும் இருப்பதே நல்லது. மூக்கைக் கீழே நீட்டிச் செங்குத்தாக இறங்கும்போது திராட்டிலைக் குறைத்தால், அந்தப் பெரிய வட்டமே பிரேக்காகவும் வேலை செய்யும். எஞ்சினில் உங்களுக்கு இந்தச் சுகம் இவ்வளவு எளிதாகக் கிடைத்ததில்லை. வாட் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரொப்பெல்லர் மாற்றத்துக்குப் பிறகும் தரையில் சில விநாடிகள் முழுத் திராட்டிலில் ஓட்டி அளந்த பிறகே பறக்கவிடுங்கள்.

பேட்டரி 3,300 மில்லி ஆம்பியர்-மணி போதும். அதில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும் என்பதால், செலவழிக்கக் கூடியது 2,640. முழுத் திராட்டிலில் அது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் சாகசப் பறத்தலில் பாதி நேரம் திராட்டில் பாதிக்குக் கீழே இருக்கும். சராசரியாக 22 ஆம்பியர் என்றால் ஏழு நிமிடம். டிரான்ஸ்மிட்டரின் கடிகாரத்தை முதலில் ஐந்து நிமிடத்துக்கு வைத்து, இறங்கியபின் சார்ஜரில் எவ்வளவு திரும்ப ஏறுகிறது என்று பார்த்து நீட்டிக்கொள்ளுங்கள். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் வைத்தால் பேட்டரி உப்பிவிடும். உங்களுக்கு இது பழக்கமில்லாததால் அழுத்திச் சொல்கிறேன்: எரிபொருள் புட்டியை மேசையில் விட்டுப் போனது போல் சார்ஜ் ஏறும் பேட்டரியை விட்டுப் போகக் கூடாது. மோட்டாரை நிரல்படுத்தும்போதும் சோதிக்கும்போதும் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் தானாக உயிர்பெறாது, மோட்டார் பெறும்.

இனிக் கட்டுமானத்துக்கு வருகிறேன். 1,900 கிராம் என்பது தானாக வந்துவிடாது. பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. பால்சா என்ற லேசான மரத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோவிலிருந்து 250 கிலோ வரை மாறுகிறது. 3 மில்லிமீட்டர் தடிமனும் 100 மில்லிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட பலகை ஒன்று 30 கிராமாகவும் இருக்கலாம், அதே அளவில் இன்னொன்று 60 கிராமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. உங்கள் மகள் வெட்டப் போகும் ரிப்புகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், கனத்த பலகையில் வெட்டினால் கனத்த ரிப்புகளே கிடைக்கும். ஒவ்வொரு பலகையையும் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். கனமானவை இறக்கையின் நீளவாட்டில் ஓடி அதைத் தாங்கும் ஸ்பாருக்கு, நடுத்தரமானவை உடற்பகுதிக்கு, மிக லேசானவை வாலுக்கு. எடையைப் போலவே ரேகையும் முக்கியம்: மேற்பரப்பில் மினுமினுப்பான புள்ளிகள் சிதறித் தெரியும் பலகை குறுக்கே வளையாமல் விறைத்து நிற்கும், அது ரிப்புக்கும் வாலுக்கும் ஏற்றது, நீண்ட கோடுகளாக ரேகை ஓடும் பலகை வளைந்துகொடுக்கும், அதை இறக்கையின் முன்விளிம்பில் சுற்றிப் போர்த்தலாம்.

வாலை லேசாக்கச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எண்ணாகப் பார்த்தால் மனத்தில் நிற்கும். உங்கள் வரைபடத்தில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. மூக்கில் எடை வைக்கக் கிடைக்கும் தூரம் 270-க்கு மேல் இல்லை. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை அசைக்கும் சிறு மோட்டாரை, அதாவது சர்வோவை, வாலில் வைக்கக் காட்டியிருக்கிறீர்கள். இந்த அளவு விமானத்துக்கு அதை இறக்கைக்குப் பின்னால் வைத்து, கார்பன் கம்பியால் இணைப்பதே மேல் என்று நினைக்கிறேன்.

ஸ்பாரில் ஓர் இடத்தில் மட்டும் எடையை மிச்சம் பிடிக்காதீர்கள். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையில் ரிப்புக்கு ரிப்பு ஒட்டும் மெல்லிய பால்சாத் தகடுகளைச் சொல்கிறேன். அவற்றின் ரேகை செங்குத்தாக நிற்க வேண்டும். வேகமாக இறங்கிவந்து எலிவேட்டரை இழுக்கும் நேரத்தில் மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இரண்டும் தனித்தனியே வளையாமல் ஒன்றாக நின்று சுமையைத் தாங்குவது இந்தத் தகடுகளால்தான். இறக்கையின் நடுப்பகுதியில் எல்லா இடைவெளிகளிலும் அவை இருக்கட்டும். மோட்டார் பொருத்தும் முன்பலகைக்கும் லேண்டிங் கியர் தட்டுக்கும் முப்பது நிமிட எபாக்ஸி, மற்ற இடங்களுக்கு மரப்பசையோ சயனோஅக்ரிலேட்டோ போதும். பசையும் எடைதான்.

நேர்த்தியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் இருவரில் கை நேர்த்தி உங்களுக்கே அதிகம். இறக்கையும் வாலும் மோட்டாரின் அச்சும் ஒரே கோட்டுக்கு இணையாக, பூஜ்ஜியக் கோணத்தில் தொடங்கட்டும். மோட்டாருக்கு மட்டும் வலப்பக்கமாக 2 பாகை திருப்பம் கொடுங்கள். புரொப்பெல்லர் தள்ளும் காற்று சுழன்றுபோய் வாலின் இடப்பக்கத்தில் மோதுவதால் விமானம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வேகம் குறையும்போது அது இன்னும் தெளிவாகத் தெரியும். இந்தத் தொல்லையை வேரோடு நீக்கத்தான் போட்டி விமானங்களில் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள் வந்தன. ரேடியோவில் இயக்கும் சாகச விமானங்களுக்காக 1960-இல் தொடங்கிய எஃப்3ஏ உலகப் போட்டியில் நெடுங்காலமாக நீளமும் இறக்கையும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள் என்று கட்டுப்பாடு இருந்துவருகிறது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே, பக்கவாட்டில் படுத்துப் பறக்கும்போது உடற்பகுதியே இறக்கையாக உதவட்டும் என்று அதை உயரமாக்கிக்கொண்டே போனார்கள். வடிவமைப்பவர்களின் அறிவு இப்படி வெளிப்பட்டதற்கு அந்த எடைக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றுக்கு வழி விட மறக்காதீர்கள். மோட்டாரையும் பேட்டரியையும் குளிர்விக்க முன்னால் வைக்கும் திறப்பைப்போல் இரண்டு மடங்கு பின்னால் இருக்க வேண்டும். ரிசீவரின் இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், கார்பனிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். சமிக்ஞை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி அமைத்துவிடுங்கள்.

முதல் பறத்தலுக்கு ஈர்ப்பு மையத்தைச் சராசரி இறக்கை நாணின், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலத்தின், 27 சதவீதத்தில் வையுங்கள். பேட்டரித் தட்டை நீளமாகச் செய்தால் பிறகு நகர்த்திக்கொள்ளலாம்: 350 கிராம் பேட்டரியை 40 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் மையம் 7 மில்லிமீட்டர் நகரும். கையை எடுத்தாலும் நேராகப் பறக்கும்படி ட்ரிம் செய்தபின், அதாவது மடல்களைச் சிறிது சரிசெய்தபின், 45 பாகையில் மேலே ஏறும்போது தலைகீழாகப் புரட்டிக் கையை எடுத்துவிடுங்கள். மூக்கு உடனே தரையை நோக்கிச் சரிந்தால் மூக்கு கனம். வானை நோக்கி ஏறினால் வால் கனம். கொஞ்ச தூரம் கோட்டிலேயே போய் மெல்லச் சரிந்தால் சரியாக இருக்கிறது. செங்குத்தாக ஏறும்போது வேகம் குறையக் குறைய இடப்பக்கம் விலகினால் வலத் திருப்பத்தை அரைப் பாகை கூட்டுங்கள். எஞ்சின் விமானத்தில் டாங்க் காலியாகக் காலியாக இந்த அளவுகள் எல்லாம் மாறிக்கொண்டே இருந்தன, நினைவிருக்கிறதா? இதில் முதல் நிமிடத்தில் இருந்த எடைதான் கடைசி நிமிடத்திலும். மின்மோட்டாரில் நான் மனத்தைப் பறிகொடுத்தது இதனால்தான்.

இங்கே என் விமானத்தின் இறக்கைகளுக்கு ஃபிலிம் ஒட்டி முடித்துவிட்டேன். உடற்பகுதி மேசையில் இருக்கிறது. வர்ணம் பூசவில்லை, எடைக்குப் பயந்து. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்களான ஏலரான்களின் கீல் இடைவெளியை அடியில் டேப் ஒட்டி மூடும் வேலை பாக்கி இருக்கிறது. அதை நீங்களும் செய்யுங்கள். இடைவெளி இருந்தால் ஏலரான் படபடத்துப் பிய்ந்துவிடலாம்.

எந்த மோட்டார் என்று முடிவானதும், அதன் எடையையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் அச்சின் விட்டத்தையும் எழுதி அனுப்புங்கள். முன்பலகையைத் துளையிடும் முன் மூக்கின் நீளத்தை ஒருமுறை நான் கணக்கிட்டுச் சொல்கிறேன். வரைபடத்தில் 15 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்