செல்ஃப் போடும்போது வரும் சத்தம்: பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

கிருஷ்ணகிரியிலிருந்து வணக்கம். மார்கழி பிறந்ததும் பட்டறைக்கு ஒரே மாதிரி போன் வருகிறது. "இன்ஜின் வேலை முடிஞ்சு மூணு மாசம்கூட ஆகல, காலையில செல்ஃப் போட்டா கர்ர்ருனு கத்துது." தளி, ஓசூர் பக்கத்து ஆட்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது, குளிர் அங்கேதான் கடுமை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பழைய யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவை கிக்கர் வண்டிகள். இது செல்ஃப் வைத்து வந்த, இருபது வயதைத் தாண்டிய புல்லட், தண்டர்பேர்டு வண்டிகளுக்கான கடிதம்.

செல்ஃப் மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்ப்ராக் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றும், மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் ஓடும். ஆனால் இதில் பல் கிடையாது. இரண்டு வளையங்களுக்கு நடுவே 8 என்ற எண்ணைப் போல் வளைந்த சின்னச் சின்ன எஃகுத் துண்டுகள் நிற்கும். மோட்டார் சுற்றும்போது அவை நிமிர்ந்து இறுகிப் பிடிக்கும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் சாய்ந்து விட்டுவிடும். பிடிமானம் முழுக்க அந்த வழுவழுப்பான எஃகின் மேல்தான் என்பதால், ஒரு தடவை பலமாக அடி வாங்கினாலே தடம் விழுந்துவிடும்.

அடி எப்படி விழுகிறது? பிஸ்டன் மேலே போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பிளக் தீப்பொறி விடும். மோட்டார் வேகமாகச் சுற்றினால் பிஸ்டன் அதைத் தாண்டிப் போய்விடும். குளிரிலோ பேட்டரி பலமில்லாமலோ மெதுவாகச் சுற்றினால் வெடிப்பு பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்குமே, அதே அடிதான். இங்கே ஸ்ப்ராக் வாங்குகிறது. "டங்" என்று ஒரு சத்தம் கேட்கும். சிலிண்டரைப் புதிதாகக் குடைந்து (போர் செய்து) பிஸ்டன் போட்ட இன்ஜினில் இறுக்கமும் கம்ப்ரஷனும் கூடுதல். அதனால் பழைய பேட்டரி இழுத்துக்கொண்டிருந்த வண்டியே வேலைக்குப் பிறகு திணறும்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். காவேரிப்பட்டினத்து விவசாயி ஒருவர் அப்பாவின் வண்டியை முழு வேலைக்கு விட்டார். ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங்கும் செய்து கொடுத்தோம். இரண்டே வாரத்தில் சத்தத்தோடு வந்தார். இடது பக்கம் திறந்து ஸ்ப்ராக்கை மாற்றினோம். மறுபடி வந்தார். அப்போதுதான் வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டரை எடுத்தோம். பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் எர்த் ஒயரைப் புது கோட்டிங்கின் மேலேயே வைத்து போல்ட் முறுக்கியிருந்தோம். கரண்ட் திரும்பி வர வழியில்லாமல் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றியிருக்கிறது. அந்த இடத்தைச் சுரண்டி வெறும் இரும்பில் ஒயரைப் பிடித்ததும் செல்ஃப் வேகம் திரும்பிவிட்டது. முதல் தடவையே மீட்டர் வைத்திருந்தால் அவருக்கு அலைச்சல் இருந்திருக்காது. அவரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அதனால் இப்போது மீட்டர் வைக்காமல் இன்ஜின் கேஸைத் திறப்பதில்லை. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் நீங்களும் பார்க்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அழுத்தியிருக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் முதலில் பாருங்கள். பிறகு ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பட்டனை அழுத்தியதும் மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி இன்ஜின் அசையாமல் நின்றால் ஸ்ப்ராக் பிடிக்கவில்லை. ஆஃப் செய்யும்போது லேசாக ஒரு "டக்" வருவது சிங்கிள் சிலிண்டருக்கு இயல்பு, பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் ஆன பிறகும், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) கரகரவென்று கேட்டால் கிளட்ச் லீவரைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அது கிளட்ச் பக்கத்து வேலை. மாறாவிட்டால் இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் தளர்ந்திருக்கலாம், செல்ஃப் பல்சக்கரத்தின் புஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்ப்ராக்கைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றிருக்கலாம். கடைசியாகச் சொன்னது ஆபத்து. போல்ட் உள்ளே விழுந்தால் கேஸையே உடைக்கும். அந்தச் சத்தத்தோடு தொப்பூர் கணவாய்ப் பக்கம் போய்விடாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

ஆயில் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றாதீர்கள். மைலேஜுக்காக வழுக்கல் கூட்டிய ஆயில்கள் உண்டு. அவற்றில் கிளட்சும் வழுக்கும், ஸ்ப்ராக்கும் வழுக்கும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA), அதாவது பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற குறி, போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்ப்ராக் மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதோடு உரசும் வளையத்தையும் பார்ப்போம். நகத்தால் வருடும்போது தடம் தட்டுப்பட்டால் அதையும் மாற்றச் சொல்வோம். செலவு கூடும்தான். ஆனால் தேய்ந்த வளையத்தின் மேல் புது ஸ்ப்ராக் போட்டால் சீக்கிரமே மறுபடி திறக்க வேண்டிவரும்.

செல்ஃப் போடும்போது மட்டும் சத்தம் வந்தால், அந்த நாளிலிருந்து, மீட்டர் வைத்துப் பார்க்கும்போது தவிர, செல்ஃபைத் தொடாமல் கிக்கரில் எடுங்கள். எங்களிடம் இன்ஜின் வேலையும் பெயின்ட்டும் சேர்த்துச் செய்தவர்கள், சத்தம் இல்லாவிட்டாலும், ஒருமுறை வந்து எர்த் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வேண்டாம். சத்தம் உள்ள வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டுப் போங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போடும் முதல் செல்ஃபை நாங்களே காதால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறை,
கிருஷ்ணகிரி