அடிபடாமலே கிழியும் ஆடுசதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பதைத் தாண்டிய ஒருவர், நகரத் தொடங்கிவிட்ட பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு ஓடுகிறார். பின்னங்காலில் யாரோ கல்லை விட்டெறிந்தது போலச் சுரீரென்கிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அதற்குமேல் குதிகாலை ஊன்ற முடியவில்லை. வீட்டில் என்ன நடக்கும்? "விழவில்லை, அடிபடவில்லை, சுளுக்குத்தான்" என்று தைலம் போட்டு உருவி, வெந்நீர் ஒத்தடமும் கொடுப்பார்கள். இந்த இரண்டுமே கெடுதல்.

சதை கிழிய வெளியிலிருந்து அடி விழ வேண்டியதில்லை. ஆடுசதை முழங்கால், கணுக்கால் என இரண்டு மூட்டுகளைத் தாண்டி ஓடுகிறது. முழங்கால் நீட்டியிருக்கும்போது குதிகாலும் கீழே இறங்கினால் இரு பக்கமும் இழுபடும். அந்த நொடியில் உந்தி எழுந்தால், சதை தசைநாணாக (சதையை எலும்போடு பிணைக்கும் நார்) மாறும் இடத்தில், பெரும்பாலும் உட்பக்கமாக, இழைகள் பிரிந்துவிடும். 'டென்னிஸ் கால்' என்று 1883-லேயே மருத்துவ இதழில் எழுதப்பட்ட பாதிப்புதான் இது. இன்று பூங்காவில் ஷட்டில் ஆடுகிறவர்களுக்கும், படியேறும்போது கால் வழுக்குகிறவர்களுக்கும் வருகிறது. இதற்கு அடியில் இருக்கும் தட்டைச் சதை கிழிந்தால் சுரீரென்று இருக்காது. நடக்க நடக்க இறுக்கம் கூடும், முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தூக்கினால் வலிக்கும்.

உருவினால் என்ன ஆகும்? கிழிந்த இடத்துச் சிறு ரத்தக்குழாய்கள் அப்போதுதான் அடைபடத் தொடங்கியிருக்கும். அழுத்தமும் சூடும் அவற்றை மறுபடி திறந்துவிடும். உள்ளே ரத்தம் தேங்கி, கிழிந்த ஓரங்கள் விலகும். மூன்றாம் நாள் கணுக்கால் பக்கம் நீலம் பாரித்தால் பயம் வேண்டாம். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

உருவக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காலின் ஆழ்சிரையில், அதாவது சதைக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாயில், ரத்தம் உறைந்தாலும் ஆடுசதைதான் வலிக்கும், வீங்கும். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, படுத்த படுக்கை, பிரசவம், புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்து, சுரீரென்ற அந்தக் கணம் இல்லாமலே கால் வீங்கினால் அன்றே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். உருவினால் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண் அறுந்தாலும் இதே போலச் சுரீரென்கும். அது அறுந்ததா என்று பார்ப்பது எளிது. பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி குப்புறப் படுக்கவைத்து, ஆடுசதையைக் கையால் ஒருமுறை பிடித்து அழுத்துங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

சதைக் கிழிவுதான் என்று தெரிந்தால், முதல் மூன்று நாள் ஐஸைத் துணியில் சுற்றி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை சுற்றுங்கள். விரல் மரத்தால் தளர்த்திவிடுங்கள். படுக்கும்போது காலடியில் இரண்டு தலையணை. நம் வீடுகளில் பலரும் கவனிக்காதது ஒன்று: வெறுங்காலோடு நடப்பதும் குந்தி உட்காரும் கழிப்பறையும் கிழிந்த சதையை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு காலிலும் ஒரு செ.மீ. குதி உயர்ந்த செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. சதை கல்போல் இறுகி, வலி ஏறிக்கொண்டே போய், பாதம் மரத்தால் அது அவசரம்.

வலி அடங்கியதும் உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கிப் பழகுங்கள். பிறகு இரண்டு காலில் நின்று, கடைசியில் ஒற்றைக் காலில். வலித்தால் ஒரு படி பின்வாங்குங்கள். சிறு கிழிவு இரண்டு மூன்று வாரத்தில் ஆறும், பாதி கிழிந்தால் ஒன்று இரண்டு மாதம், முழுதும் கிழிந்தால் மூன்று நான்கு மாதம். பத்தாம் நாள் வலி இல்லையே என்று ஆடப் போகிறவர்களுக்குத்தான் அதே இடத்தில் மறுபடி கிழிகிறது. ஒற்றைக் காலில் 20 முறை, நல்ல காலைப் போலவே வலியின்றி எழும்ப முடிந்த பிறகு ஓடலாம்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்,
திருச்சி