துக்க வீட்டில் என்ன சொல்வது?

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய மின்னஞ்சலை நேற்று இரவுதான் பார்த்தேன். பேரனுக்குக் காய்ச்சல் விட்டது என்று வாசித்ததில் ஆறுதல். இங்கே எங்களுக்கும் சுகம். வெயில்தான் கொல்லுகிறது. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடக்கப் போகும் பழக்கத்தை இவள் இன்னும் விடவில்லை, நானும் கூடப் போய் வருகிறேன். பழைய மாணவர் சங்கக் கதையைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்கு வருவோம்.

உங்கள் சபையில் அந்தப் பொடியன் சுடப்பட்டுச் செத்ததை வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், தாய் முன் வரிசையில் இருப்பா, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு நீங்கள் அங்கே என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறாய். நிறையச் சொன்னோம், மச்சான். அதில் பலதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அதனால் என்ன சொல்லக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து சாப்பிட்டுக்கொண்டு நின்ற நேரம். பையோடு வந்தவனை வாசலில் நின்றவர்கள் உள்ளே விடவில்லை. முற்றத்திலேயே வெடித்தது. 31 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் பிள்ளைகள். அன்று காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் செத்தவர்களோடு சேர்த்தால் இருநூற்றைம்பதுக்கும் மேல். இதெல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிந்திய கிழமைகளில் துக்க வீடுகளில் நடந்தது உனக்குத் தெரியாது.

ஒரு வீட்டில் நான் இருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் தாயின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆண்டவர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார், மகள்" என்றார். நல்ல மனிசன். ஆறுதலாகத்தான் சொன்னார். அவ நிமிர்ந்து பார்த்துக் கேட்டா: "அப்ப எண்ட பிள்ளையைப் பறிச்சது கடவுளோ, பையோட வந்தவனோ?" ஒருவரிடமும் பதில் இல்லை. உள்ளே யாரோ தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு "எல்லாம் தேவ சித்தம்" என்ற வார்த்தையை எந்தத் துக்க வீட்டிலும் என்னால் சொல்ல முடிவதில்லை. கொலைகாரனின் வேலையைக் கடவுளின் தலையில் கட்டிவிட்டு அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கிறோம்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. சித்தம் என்று சொன்ன உடனே மனிசருடைய பொறுப்புக் கழன்று போகிறது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து புலனாய்வுத் தகவல் வந்திருந்தது. மேலே இருந்தவர்கள் அசையவில்லை. 2023 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபராக இருந்தவர், புலனாய்வுத் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் எல்லாருக்கும் தொகை விதித்தது. தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். கோயில்களில் நாங்கள் தேவ சித்தம் என்று பாடிக்கொண்டிருந்த அதே விசயத்தை, நீதிமன்றம் கடமை தவறியது என்று சொன்னது. கர்தினால் மல்கம் ரஞ்சித் வருசக் கணக்காக நீதி கேட்டுக்கொண்டிருப்பதைச் சிலர் அரசியல் என்கிறார்கள். அதை நான் ஜெபமாகத்தான் பார்க்கிறேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழே கொலையுண்டவர்கள் "எதுவரைக்கும்" என்று கத்துகிறார்களே, அவர்களை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை.

நீ கட்டாயம் லூக்கா 13ஐ எடுத்து வாசி. கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருக்கும்போது பிலாத்து அவர்களைக் கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடே கலந்தான் என்று வந்து சொல்லுகிறார்கள். ஆராதனையில் இருந்தவர்கள், மச்சான்! எங்கள் கதையேதான். மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளாயிருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்கிறார் இயேசு. அடுத்ததாகச் சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரையும் தானாகவே எடுத்துச் சொல்லி, திரும்பவும் அப்படியல்ல என்கிறார். மனந்திரும்பச் சொல்வது உயிரோடு நின்று செய்தி கொண்டுவந்தவர்களுக்கு. செத்தவர்களின் கணக்கை அவர் திறக்கவே இல்லை. ஏன் நடந்தது என்ற காரணத்தையும் சொல்லவில்லை. அவரே சொல்லாத காரணத்தை நாங்கள் எங்கிருந்து கண்டுபிடித்தோம்?

தப்பினவர்களின் சாட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீயோனில் குண்டோடு வந்தவன் முதலில் மரியாள் பேராலயத்துக்குத்தான் போனான், அங்கே பூசை முடிந்திருந்தது. சீயோனுக்குப் பிந்தி வந்து தப்பினவர்களும் இருந்தார்கள். "ஆண்டவர் என்னைத் தடுத்து வைத்தார்" என்று அவர்கள் நன்றி சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதே வாங்கில் இருக்கிறாள். அவளுடைய பிள்ளையை ஏன் தடுத்து வைக்கவில்லை? அந்தப் பொடியனோடு நின்று தப்பின சிநேகிதர்கள் யாராவது சாட்சி சொல்லக் கேட்டால், தாய் இல்லாத இன்னொரு நாளில் சொல்லச் சொல். இதில் உறுதியாய் நில்.

மன்னிப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். சீயோன் சபையின் தலைமைப் போதகர் சில நாட்களுக்குள்ளேயே, நாங்கள் காயப்பட்டிருக்கிறோம், கோபமாகவும் இருக்கிறோம், ஆனாலும் மன்னிக்கிறோம் என்று சொன்னார். தன் மந்தையை அடக்கம் செய்துகொண்டு நின்ற மனிதர் சொன்னது. அதைக் கேட்டு அழுதேன். அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது. அவர் சொன்னதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தாயிடம் "நீயும் மன்னித்துவிட்டாயா" என்று கேட்க உனக்கும் எனக்கும் உரிமை இல்லை.

இந்தக் கோபம் எங்கே போய் விழும் என்ற பயம் எனக்கு அப்போதும் இருந்தது. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி எங்களுக்கு எத்தனை தூரம்? தாக்குதலின் தலைவன் அந்த ஊரான். அவனைப் பற்றி முன்கூட்டியே முறையிட்டவர்களும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டவர்கள் எங்கள் புலிகள் இயக்கத்துப் பெடியள். சிறுவர்களும் அதில் செத்தார்கள். தொழுகையில் கொல்லப்பட்ட பிள்ளையின் தாய் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இருக்கிறாள். இதை எங்கள் பிரசங்க மேடைகளில் சொல்லுகிற ஆட்கள் குறைவு. சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன சொல்வது? பிரசங்கம் வேண்டாம். சங்கீதம் 88ஐ ஆறுதலாக, முழுக்க வாசி. மற்றச் சங்கீதங்கள் அழுதாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாமலே முடியும். அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது என்று அந்தத் தாய்க்குத் தெரியட்டும். பிறகு மார்த்தாளை வாசி: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அது குற்றச்சாட்டு. இயேசு அவளை ஏசவில்லை, கல்லறைக்குப் போகும் வழியில் தானும் அழுதார். லாசரு எழும்பி வந்தான், எங்கள் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அதை மூடி மறைக்காதே.

உயிர்த்தெழுதலை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அதில்தான் நிற்கிறேன். கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் அன்று சனத்தின் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மெதடிஸ்தர், சுரூபத்துக்கு முன்னால் நின்று பழக்கமில்லை. என்றாலும் அதற்கு முன்னால் நான் கனநேரம் நின்றேன். தோமாவுக்குக் காட்டியதும் காயம் ஆறாத கைகளைத்தானே. காயத்தை அழித்துவிட்டு வருகிற உயிர்ப்பு என்றால் எனக்கு அது வேண்டாம். செத்த பிள்ளைகள் எழும்புவார்கள் என்று நம்புகிறேன், அவர்களுக்கு நடந்தது நடக்காததாக ஆக்கப்படாது என்றும் நம்புகிறேன். இதைப் புதன்கிழமை சொல்லத் தேவையில்லை. ஒரு வருசம் கழித்து அவவே கேட்டால் சொல்.

அதுவரைக்கும் அந்த வீட்டுக்குப் போய் வா. முப்பத்தோராம் நாள் ஜெபம் முடிந்தால் சனம் வராது, அப்போதும் போ. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, சமைத்துக் கொண்டு போங்கள். பொலிஸ், வழக்கு என்று அலைய வேண்டி வந்தால் நீ கூடப் போய் நில், உனக்கு அந்த ஊர்ப் பாஷையும் காகித வேலையும் தெரியும். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் இருந்தார்களே, அதுவரை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கடவுளுக்கே கோபம் வந்தது.

பழைய மாணவர் சங்கக் கூட்டம் ஓகஸ்ட் கடைசியில் வைக்கலாம் என்று கதைக்கிறார்கள், நாள் இன்னும் முடிவாகவில்லை. நீ வருவதானால் இப்பவே சொல், மேல் அறையைத் துப்புரவாக்கி வைக்கலாம். கூட்டம் முடிந்து வந்ததும், எந்த நேரமென்றாலும் பரவாயில்லை, ஒரு கோல் எடு.

அன்புடன்,
உன் மச்சான்
மட்டக்களப்பு