இரண்டாம் மதிப்பாய்வாளருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

முகம் தெரியாத மதிப்பாய்வாளர்களுக்கு,

வணக்கம். ஆய்விதழுக்கு வரும் கட்டுரையைப் பெயர் சொல்லாமல் படித்து, ஏற்கலாமா தள்ளலாமா என்று அறிக்கை எழுதுபவர்கள் நீங்கள். என் பெயர், நான் வேலை பார்க்கும் இடம், என் நெறியாளர் யார், எல்லாம் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்களைப் பற்றி எனக்குத் தெரிவது ஒரு எண் மட்டும்தான், 1, 2, அல்லது 3. ஆட்டம் தொடங்கும்போதே ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கிறது, பரவாயில்லை. முனைவர் பட்டம் முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் பெயராக என் பெயர் வந்த கட்டுரைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், எண்ணிய பிறகும் விரல் மிச்சமிருக்கும்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் தாங்காது' என்று இங்கேயே மூடிவைத்துவிடாதீர்கள். குறை சொல்லாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. சொல்லுங்கள், நன்றாகவே சொல்லுங்கள், ஆனால் எங்கே குறை என்று கையை வைத்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் அதற்கான கதை.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி, தூங்கப் போகும்போது கைப்பேசியில் அந்த மெயில் வந்தது. 'உங்கள் கட்டுரை குறித்த முடிவு'. இந்தத் தலைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுதாகப் படிக்கவே மாட்டோம், கண் நேராக 'வருந்துகிறோம்' என்ற சொல்லைத்தான் தேடும். இருந்தது. கீழே மூன்று அறிக்கைகள். முதலாமவர் 'நல்ல கட்டுரை, சில எழுத்துப்பிழைகள் உள்ளன' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் (அவரும் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது). மூன்றாமவர் இரண்டரைப் பக்கம். நடுவில் இரண்டாமவர், மொத்தம் நாலே வரி. இதில் புதிதாக எதுவும் இல்லை, கட்டுரையாளருக்குத் துறையின் அடிப்படையே பிடிபடவில்லை, இதை இந்த இதழுக்கு அனுப்பத் துணிந்ததே வியப்பாக இருக்கிறது, என் நேரம் வீண். நாலு வருஷ வேலைக்கு நாலு வரி, வருஷத்துக்கு ஒன்று.

அந்த நாலு வரியும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இன்றைக்கும் தெரியவில்லை. 'புதிதாக எதுவும் இல்லை' என்றால் ஏற்கெனவே யாரோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், சரி, அது யார்? ஒரு பெயர், ஒரு வருஷம் போட்டிருந்தால் அந்த ராத்திரியே தேடிப் படித்திருப்பேன். உண்மையிலேயே செய்திருந்தார்கள் என்றால் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பேன், அல்லது என் வேலை அதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று நாலு வாக்கியம் சேர்த்திருப்பேன்.

இது நடக்காத ஒன்றா என்ன? 1964இல் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் எழுதிய கட்டுரையை முதல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் கொஞ்சம் விரித்து எழுதி வேறு இதழுக்கு அனுப்பினார். அங்கே அதைப் படித்த மதிப்பாய்வாளர், இதே விஷயத்தை ஒட்டி எங்லேரும் பிரவுட்டும் எழுதியது இப்போதுதான் வந்திருக்கிறது, உங்கள் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு குறிப்பு சேருங்கள் என்றார். சேர்த்தார், கட்டுரை வெளிவந்தது, 2013இல் நோபல் பரிசு வரை போனது. அந்த மதிப்பாய்வாளர் யோயிச்சிரோ நம்பு என்பது பல வருஷம் கழித்துத்தான் ஹிக்ஸுக்கே தெரிந்தது. என் கட்டுரை அந்த வரிசையில் வராது, எனக்கே தெரியும். ஆனால் 'இதில் புதிதில்லை' என்று தள்ளிவிடச் சாக்கு கையில் இருந்தும், இன்ன கட்டுரையைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதினாரே, அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறேன்.

இப்போது மூன்றாமவர். உண்மையைச் சொன்னால் என்னை அதிகம் அடித்தது அவர்தான். வரி எண் போட்டு, படம் 3க்கு வந்து, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இங்கே தரவுகளின் எண்ணிக்கை 60 என்று போட்டிருக்கிறீர்களே, செய்முறையில் மாதிரிகள் ஆறுதானே இருக்கின்றன? ஆறு மாதிரிகள், ஒவ்வொன்றையும் பத்துமுறை அளந்திருந்தேன், அந்த 60ஐயும் தனித்தனித் தரவுகளாகப் போட்டுக் கணக்குப் பார்த்திருந்தேன். ஒரே ஆளிடம் பத்து தடவை கேட்டுவிட்டுப் பத்துப் பேர் சொன்னார்கள் என்று எழுதுவதற்குச் சமம். பிழைக்கோடுகள் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டுபவை) படத்தில் ஒட்டடை மாதிரி மெல்லிசாக இருந்ததைப் பார்த்து நானே பெருமைப்பட்டிருக்கிறேன், பாருங்கள். சரியாகக் கணக்கிட்டபோது அவை மூன்று மடங்கு நீண்டன. மூன்று முடிவுகளில் ஒன்று காணாமலே போனது. கட்டுரை இளைத்துவிட்டது, ஆனால் இப்போது யார் கேட்டாலும் நின்று பதில் சொல்ல முடியும். அந்த மனிதர் யாரென்று தெரிந்தால் கையைப் பிடித்து நன்றி சொல்வேன். ஆனால் அந்த ராத்திரி அவரையும் சேர்த்துத்தான் திட்டினேன், அதையும் மறைக்க வேண்டாம்.

கோபம் எல்லோருக்கும் வரும் போல. 1936இல் ஐன்ஸ்டைன், சக இயற்பியலாளர் ரோசனோடு சேர்ந்து ஈர்ப்பு அலைகள் இல்லவே இல்லை என்று முடிக்கும் ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதை வெளியாளிடம் காட்டி, அவர் எழுதிய குறைகளைத் திருப்பி அனுப்ப, ஐன்ஸ்டைனோ அச்சிடும் முன் நிபுணர்களிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லையே என்று எழுதிவிட்டுக் கட்டுரையையே திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம் பார்த்தால் தவறு உண்மையிலேயே இருந்தது, முடிவைத் திருத்தி அடுத்த வருஷம் வேறோர் இதழில்தான் வெளியிட்டார். குறை எழுதியவர் இயற்பியலாளர் ராபர்ட்சன், அறிக்கை பத்துப் பக்கம். ஐன்ஸ்டைன் அதைப் பொருட்படுத்தாவிட்டாலும் தவறு எங்கே என்று அந்தப் பத்துப் பக்கத்தில் இருந்தது, நாலு வரியில் 'அடிப்படை தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டால் பெரிய வித்தை எதுவும் இல்லை. மூன்று நாள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. நாலாவது நாள் பக்கத்து மேசைத் தோழி, என் கட்டுரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள், அறிக்கைகளை வாங்கி ரயில் நேர அறிவிப்பு வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சத்தமாக வாசித்தாள். எனக்குள் அதுவரை ஒரு குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தது, அது அப்போது நின்றுவிட்டது. 'கட்டுரையாளர்கள் காட்டத் தவறிவிட்டார்கள்' என்பதெல்லாம் நீங்கள் கைப்பழக்கத்தில் எழுதுவது, அதை வசையாக வாசித்தது நான்தான் என்று தெரிந்தது. பிறகு ஒவ்வொரு குறையையும் வெட்டி ஓர் அட்டவணையில் ஒட்டினேன், எதிரே என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு கட்டம். மூன்றாமவருக்கு 19 வரிசை வந்தது. இரண்டாமவருக்கு ஒரே ஒரு வரிசை, எதிரே இருந்த கட்டம் காலியாகவே கிடந்தது.

இதழாசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அவர்களையும் கூப்பிடுகிறேன். அதற்கு முந்தைய கட்டுரையில் ஒருவர் முன்னுரையைப் பாதியாக்கச் சொன்னார், இன்னொருவர் முன்னுரையில் போதிய பின்னணி இல்லை என்றார், நீங்கள் இரண்டையும் ஒட்டி 'எல்லாக் கருத்துகளுக்கும் ஏற்பத் திருத்தவும்' என்று அனுப்பினீர்கள். எப்படி ஐயா? நடுவில் ஒரு வாக்கியம், 'இதில் முதலாமவர் சொல்வதைச் செய்யுங்கள்' என்று, உங்களால்தானே எழுத முடியும்? ஆங்கிலம் சரியில்லை, தாய்மொழியாக உள்ளவரிடம் காட்டவும் என்ற வரியையும் பார்த்து அனுப்புங்கள். நான் அதை வாங்கிய பத்தியை எழுதியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட என் இணைக் கட்டுரையாளர். அவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

உங்கள் தீர்ப்பு என்ன, கல்லில் எழுதியதா? 2014இல் இயந்திரக் கற்றல் துறையின் நிப்ஸ் மாநாட்டினர், தங்களுக்கு வந்தவற்றில் 166 கட்டுரைகளை, ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டு மதிப்பாய்வுக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலில் ஒன்றுக்கு மேல் முடிவு மாறியது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேலானவற்றை மற்றது தள்ளியது. இதை ஏன் யாரும் முதல் வருஷ மாணவர்களுக்குச் சொல்வதில்லை? தள்ளப்பட்ட ஒவ்வொருவரும் ராத்திரி படுத்துக்கொண்டு தன் மூளையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். 14 துறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2019இல் வந்த ஆய்வில், 58 விழுக்காட்டினர் ஒருமுறையாவது முறையற்ற மதிப்பாய்வு வாங்கியிருந்தார்கள். ஆக இது எனக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை.

நீங்கள் இதைச் சம்பளம் இல்லாமல், மற்ற வேலை முடிந்த பிறகு, தூக்கக் கலக்கத்தில் செய்கிறீர்கள் என்பது இப்போது எனக்கும் தெரியும். போன மாதம் முதல்முறையாக ஒரு கட்டுரை என் கைக்கே வந்தது. எட்டாம் பக்கத்தில் எரிச்சல் ஏறி, 'கட்டுரையாளர்களுக்கு இந்த முறையின் அடிப்படையே' என்று தட்டிவிட்டு அப்படியே நின்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது! அழித்துவிட்டு, எந்த வரியில், எந்த அனுமானம், ஏன் பொருந்தாது என்று எழுத ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. எழுதி முடித்தபோது அதில் ஒரு இடத்தில் அவர்கள் சரி, நான்தான் தவறாகப் படித்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது.

என் கட்டுரை, ஆறு மாதிரி, இரண்டு முடிவு, நீண்ட பிழைக்கோடுகளோடு இப்போது வேறோர் இதழில் இருக்கிறது. 71 நாளாக 'மதிப்பாய்வில் உள்ளது' என்றே காட்டுகிறது. உங்களில் யாராவது ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். 214ஆம் வரியில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது, அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தொடர்புக்குரிய கட்டுரையாளர்