குறைமாதக் குழந்தையின் எடை: முதலில் தராசைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

குறைமாதக் குழந்தைக்கு எடை மெதுவாக ஏறினால் மருத்துவர் பால்பவுடர் எழுதிக்கொடுக்கிறார்; தாய் மறுக்கிறார். பேச்சு அங்கேயே முறிகிறது. ஒரே தராசில், துணியில்லாமல், தினமும் ஒரே நேரத்தில் எடுத்த எடைகளைத்தான் ஒப்பிட வேண்டும். 2 கிலோவுக்குக் கீழே என்றால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏறுவது நல்ல வளர்ச்சி. நிறைமாதக் குழந்தையின் வளர்ச்சி வரைபடத்தைக் காட்டி மிரட்டுவது நியாயமே இல்லை.

பல நேரங்களில் குறை சுரப்பில் இல்லை, உறிஞ்சுவதில். தாடை அசையும், விழுங்கும் சத்தம் கேட்காது. சற்று நேரத்தில் தூக்கம். பாலூட்டும் முன்னும் பின்னும், உடையும் டயப்பரும் மாற்றாமல், நுட்பமான மின்னணுத் தராசில் நிறுத்தால் குட்டு உடைந்துவிடும்: கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி பால்.

அளவு போதாவிட்டால், அரை மணி நேரத்தில் பாலூட்டலை நிறுத்தி, பிழிந்த பாலைச் சிறு கிண்ணத்தில் புகட்டலாம். முதலில் வரும் நீர்த்த பாலை ஒதுக்கிவிட்டுப் பின்பாலைக் கொடுத்தால் கொழுப்பு கூடும். இரவு ஒரு தடவை உட்பட நாளைக்கு 8 தடவையாவது மார்பு காலியாக வேண்டும்; இல்லையேல் சுரப்பு சரியும்.

அப்போதும் ஏறவில்லையா? தாய்ப்பாலின் சத்தைக் கூட்டும் செறிவூட்டியை, மருத்துவர் சொல்லும் அளவில், பிழிந்த பாலிலேயே கலக்கலாம். மருத்துவரின் கவலையும் வீண் அல்ல. மூளை வேகமாக வளரும் காலம் இது. குடிக்கையில் வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலித்தாலோ வாக்குவாதத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
பாலூட்டல் ஆலோசகர் ஒருவர்